மச்சான் கையில் சாவி

என் வீட்டுக்காரர் என் அண்ணனுக்குச் செய்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவமானம் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுச் சண்டை போட்டு முடித்திருப்பேன். மரியாதை செய்கிற மனுசனிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

அது எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் மார்சிலிங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அவர் கப்பல் பட்டறையில் ஃபோர்மேன். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சு முடிவில் ஒரு 'லா' போடுகிற ஆள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையில் டைப் அடிக்கிற வேலை எனக்கு. எங்களிடம் பச்சை நிறத்தில் ஒரு பழைய கார் இருந்தது. எங்களிடம் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். கார் அவருடையது. அதைக் கழுவும்போது மட்டும்தான் எங்களுடையது.

எனக்கும் லைசென்ஸ் இருந்தது. பயிற்சிப் பள்ளிக்குப் போய்ப் படித்து, முதல் தடவையே பாஸ் ஆனேன். அவர் எத்தனையாவது தடவை பாஸ் ஆனார் என்பதை நான் மாதா கோயில் ஆட்கள் முன்னால் சொல்லக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. ஆகவே இங்கேயும் சொல்லவில்லை. விஷயம் என்னவென்றால், எங்கள் கார் இன்சூரன்ஸில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வண்டியை ஓட்டலாம். அதில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிற நேரத்தில் நான் கேட்பேன், "என் பேரையும் சேத்துருங்களேன்."

"அடுத்த வருஷம் பாப்போம்மா. பொம்பள பேரு சேத்தா பிரீமியம் ஏறிடும்" என்பார்.

இதை அவர் எந்த வேதப்புத்தகத்தில் படித்தார் என்று எனக்குத் தெரியாது. என் லைசென்ஸ் அலமாரியில் பட்டுப் புடவைக்கு அடியில் கிடந்தது. புடவையாவது ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வெளியே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் வந்தார். ஊரில் அரசு பஸ் டிரைவர். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அது முழுக்க வெளுக்கிற வரைக்கும் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு, ஒரு மாதம் தங்கிவிட்டுப் போகட்டும் என்று நாங்கள்தான் டிக்கெட் எடுத்து அனுப்பினோம். அதற்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். வரும்போது இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் ஒன்று எடுத்து வரச் சொல்லி. அண்ணன் பாவம், சிங்கப்பூருக்குள் நுழைய அதுவும் ஒரு தேவையான பேப்பர் என்று நினைத்து, வெயிலில் நின்று வாங்கி, பாஸ்போர்ட்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சாங்கியில் இறங்கியதும் குடிநுழைவு அதிகாரியிடம் அதையும் நீட்டியிருக்கிறார். அந்த ஆள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டதில் அண்ணனுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது என் வீட்டுக்காரர் ஓட்டினார். அண்ணன் முன்னால் அவருக்குப் பக்கத்தில். நான் பெட்டிகளோடு பின்னால். கொஞ்ச தூரம் வந்ததும் அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார்.

"மாப்ள, ஒரு ஆசை சொல்லட்டுமா? சிரிக்கப்படாது."

"சொல்லுங்க மச்சான்."

"இத்தன வருஷமும் ஊர்ச் சனத்தையெல்லாம் நான் கொண்டுபோய் விட்டாச்சு. என்னைய ஒருத்தர் கூட்டிட்டுப் போகணும். நான் சும்மா உக்காந்து வரணும். இந்த ஒரு மாசம் அது போதும் எனக்கு. வேற எதுவும் வாங்கித் தராண்டாம்."

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். பச்சைத் தமிழ். பின் சீட்டில் பெட்டிக்கு அடியில் நசுங்கிக் கிடந்த எனக்கே முழுசாகக் கேட்டது. ஆனால் அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார், "உங்க அண்ணனுக்கு எவ்ளோ அடக்கம் பாத்தியா? ஓட்டணும்னு ஆசை. வாய விட்டுக் கேக்கக் கூச்சம். நான் விட்டுருவேனா?"

"அவர் சும்மா உக்காந்து வரணும்னுதான சொன்னாரு?"

"ஐயோ, உனக்குப் புரியல லா. மரியாதைக்குச் சொல்றது அது."

மறுநாளே அண்ணனை ஜாலான் புசாருக்குக் கூட்டிக்கொண்டு வந்து, என்னையும் மாடிக்கு வரச் சொன்னார். நான் வேலை பார்த்த கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இருந்தார். நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம், மூன்று தலைமுறையாக இங்கே வியாபாரம். எல்லோரும் அவரைப் பாய் என்போம். கீழே ஆணியும் செயினும் இறக்குகிற சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பேசி, அவர் சும்மா பேசினாலே சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும்.

"வெளிநாட்டு விருந்தாளிய டிரைவரா சேக்கணுமா? சேக்கலாமே! லைசென்ஸ் இருக்கா, பெர்மிட் இருக்கா?"

அண்ணன் குழப்பத்தோடு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். அந்தப் பெர்மிட் எதற்கு என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

"எத்தன வருஷமா ஓட்டறீங்க?" என்றார் பாய்.

அண்ணன் சொன்னார். பாய் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதுவரைக்கும் ஏதும் ஆக்சிடெண்ட்?"

"ஒரு கோழி" என்றார் அண்ணன். "அதுவும் அது மேலதான் தப்பு."

பாய் சிரித்த சிரிப்பில் கீழே கடையில் இருந்த முதலாளி அண்ணாந்து பார்த்தார். "அண்ணே" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார், "இவரு ஓட்டுனா கம்பெனிக்கு நிம்மதி. உங்களத்தான் கார்பார்க் தூணுக்குத் தெரியும்." பிறகு என்னைக் காட்டி, "அக்காக்கும் லைசென்ஸ் இருக்குல்ல? அவங்க பேரையும் இதோட போட்டுரலாமா? ஒரே வேலையா முடிஞ்சுரும்" என்றார்.

நான் என் வீட்டுக்காரர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதுக்கு என்ன அவசரம் பாய்? மொதல்ல மச்சானப் போடுங்க" என்றார் என் கணவர்.

என்ன அவசரமா! மாதாவே, அந்த இடத்தில் தரை பிளந்து நான் உள்ளே போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். வருடக்கணக்கில் நான் கேட்டுக் கிடைக்காதது, கேட்காத மனுசனுக்கு, வேண்டாம் என்று சொன்ன மனுசனுக்கு, ஒரு மத்தியான வேளையில் கிடைத்துவிட்டது. அதிகப்படி பிரீமியத்தை அவர் எண்ணிக் கொடுத்தபோது முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

கிளம்பும்போது பாய் ஒன்றை மட்டும் எச்சரித்தார். "விருந்தாளியா ஓட்டலாம். கூலிக்கு ஓட்டக்கூடாது. கூலி கொடுத்து வச்சா இந்தக் காப்பீடு செல்லாது, பாத்துக்குங்க."

அந்தப் பயமே வேண்டியிருக்கவில்லை. அந்த மாதம் முழுக்க அவருக்கு யாரும் கூலி கொடுக்கவே இல்லை.

காலையில் ஆறு மணிக்கு அண்ணன் என் வீட்டுக்காரரைக் கப்பல் பட்டறையில் கொண்டுபோய் விடுவார். திரும்பி வந்து என்னை ஜாலான் புசாரில் விடுவார். சாயங்காலம் இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போனோம். கோயில் வாசலில் அண்ணன் வண்டியை ஒரே திருப்பில் சுவரோடு ஒட்டி நிறுத்தியதைப் பார்த்து ஆண்கள் கூட்டம் கூடிவிட்டது. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க மச்சான். ஊர்ல பெரிய டிரைவர். என் சாவியையே கொடுத்துட்டேன்னா பாத்துக்குங்க" என்று பங்குச் சாமியார் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வாரமே கோயில் மாதா சபைத் தலைவி அம்மாள் எங்கள் வீட்டுக்குப் போன் போட்டார். கேலாங்கில் ஒரு உறுப்பினருக்குக் கால் முறிந்து கிடக்கிறதாம், நாலு பேர் போய் ஜெபம் சொல்ல வேண்டுமாம், "ஒங்க அண்ணன் சும்மாதான இருக்காரு?" என்றார். சும்மா இருக்கத்தான் அம்மா வந்தார், இருக்கத்தான் விடமாட்டேன் என்கிறீர்கள், என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி, "ஆமாக்கா, மச்சானுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றுவிட்டார். ஜெபத்துக்குப் போனவர்கள் வரும் வழியில் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கினார்கள். பிறகு ஒருவர் வீட்டில் மாவாட்டும் எந்திரம் ஒன்றை ரிப்பேருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எல்லாம் ஜெபத்தில் சேர்த்தி.

ஊர் சுற்றிக் காட்டவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. எல்லா இடத்துக்கும் போனோம். அண்ணன்தான் ஓட்டினார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டி நீட்டிக் காட்டினார். "மச்சான், ரைட்ல பாருங்க, அது எவ்ளோ பெரிய கட்டடம்!"

"அப்படியா மாப்ள" என்பார் அண்ணன். கண் சாலையை விட்டு அசையாது.

"மச்சான், லெஃப்ட்ல கடல்!"

"ரொம்ப நல்லது மாப்ள."

பறவைப் பூங்காவுக்குப் போனோம். வண்டியை நிறுத்தி, பார்க்கிங் கூப்பனைக் கிழித்துக் கண்ணாடியில் வைத்ததும், அண்ணன் இறங்க மறுத்துவிட்டார். வண்டியை விட்டுவிட்டு டிரைவர் போகக்கூடாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. ஸ்டீயரிங் பிடித்துவிட்டால் அவர் டிரைவர்தான், விருந்தாளி கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் மாலை போட்ட கல்யாண ஜோடி மாதிரி உள்ளே போய்க் கிளியும் கொக்கும் பார்த்துவிட்டு வந்தோம். அவர் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பாத்தியா பொறுப்பை?" என்று என் காதில் சொன்னார் என் வீட்டுக்காரர்.

ஒருநாள் சிராங்கூன் சாலையில் வந்துகொண்டிருந்தோம். பஸ் நிறுத்தத்தில் கூட்டம் நின்றது. அண்ணனுடைய கை தானாக வண்டியை ஓரங்கட்டிவிட்டது. குடையும் கூடையுமாக நின்ற ஒரு சீனப் பாட்டி சாவகாசமாக வந்து பின் கதவைத் திறந்தாள். நான் நகர்ந்து இடம் விட்டேன்; வேறு என்ன செய்ய? என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணனும் சிரித்தார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றி மாட்டிய விதத்தைப் பார்த்தேன். வேலை முடிந்து ஊரில் எப்படி மாட்டுவாரோ அப்படியே மாட்டினார். அதைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுப்படிக்குள் கூப்பிட்டேன். "அண்ணே, வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லுங்க. முடியலன்னு சொல்லுங்க."

"ஏட்டி, மெல்லப் பேசு. மாப்ளக்கிட்ட எப்படிட்டி முடியாதுன்னு சொல்ல? பொண்ணு குடுத்த வீடு. அவ்வளவு பிரியமா சாவியக் குடுக்காரு."

"அப்ப நான் சொல்றேன்."

"நீ சொன்னா நான் சொல்லிக் குடுத்ததா ஆயிரும். மாப்ள மனசு கோணிரும். சும்மா கெட."

"நீங்க வந்தது எதுக்கு, நடக்கறது என்ன?"

"அதனால என்ன, நல்ல ரோடு" என்றார் அண்ணன். "ஒரு குழி இல்ல பாத்தியா?"

ஒரு மனுசன் கடல் கடந்து வந்து பார்த்தது இந்த ஊரில் குழி இல்லை என்பதை மட்டும்தான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

அண்ணன் என் வாயைக் கட்டிவிட்டதால் என் வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்ல முடியவில்லை. சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணன் களைச்சு போயிருக்காரு. கொஞ்ச நாள் நீங்க ஓட்டுங்களேன்."

"களைப்பா? எவ்ளோ குஷியா ஓட்டறாரு! அவருகிட்டேர்ந்து சாவிய வாங்கினா என்ன நெனப்பாரு? இத்தன வருஷத்துல நான் யாருக்காச்சும் சாவி கொடுத்திருக்கேனா சொல்லு?"

"இல்ல" என்றேன். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சத்தியம்.

மாதம் இப்படியே ஓடிவிட்டது. அண்ணன் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது என் வீட்டுக்காரர் அவரையும் என்னையும் சிராங்கூன் சாலைக்கு அழைத்துப் போனார். அழைத்துப் போனார் என்றால், அண்ணன் ஓட்டினார். ஊருக்குப் போகிற மச்சானுக்கு வெறும் கையோடு விடை கொடுப்பதா? ஒரு மின்சாமான் கடையில் போய் நின்றோம். கேசட் ரேடியோ, சுவர்க் கடிகாரம், இஸ்திரிப் பெட்டி எல்லாம் அடுக்கி வைத்திருந்தது.

"மச்சான், எது வேணும்னாலும் கேளுங்க. நீங்க வாய தெறந்து ஒண்ணு கேட்டு நான் செய்யணும். இல்லாட்டி எனக்கு மனசு ஆறாது" என்றார் என் வீட்டுக்காரர். கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆவலாக நின்றார்.

அண்ணன் சாமான்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு ரொம்பப் பணிவாகக் கேட்டார். "எதக் கேட்டாலுமா மாப்ள?"

"எதக் கேட்டாலும்."

"அப்ப, ஏர்போர்ட்டுக்குத் தங்கச்சி ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்து வாரேன்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். "இல்ல மச்சான், அது... அவ பேரு இன்சூரன்ஸ்ல இல்லியே."

"எம் பேரும்தான் இல்லாம இருந்துச்சு" என்றார் அண்ணன்.

குரலை உயர்த்தவில்லை. ஒரு பொடி வைத்த மாதிரியும் சொல்லவில்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். முடியாது என்று அவரால் சொல்ல முடியாது. ஊருக்குப் போகிற மச்சான், கேட்கச் சொல்லிக் கேட்டது. அந்த மாதம் முழுக்க என் அண்ணன் கழுத்தில் கிடந்த மரியாதை இப்போது அவர் கழுத்தில் விழுந்தது. எனக்கு அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழவேண்டும் போலவும் இருந்தது, கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது.

அங்கிருந்து நடந்தே ஜாலான் புசாருக்குப் போய்ப் பாய் மாடியில் ஏறினோம். "மச்சான் பேர எடுத்துட்டு என் வைஃப் பேர போடணும்" என்றார் என் வீட்டுக்காரர், யாருக்கோ துக்கம் விசாரிக்கிற குரலில். பிறகு தணிந்த குரலில், "பொம்பளன்னா பிரீமியம் எவ்ளோ ஏறும் பாய்?"

"யாரு சொன்னா ஏறும்னு?" என்று பாய் கத்தினார். அது வழக்கமான கத்தல்தான். ஆனால் கீழே கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

புறப்படுகிற அன்று அண்ணன் பஸ் டிரைவர் புத்தியில், விமானத்துக்கு ஏகப்பட்ட நேரம் இருக்கும்போதே எங்களைக் கிளப்பிவிட்டார். நான் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். அண்ணன் இடது பக்கம். என் வீட்டுக்காரர் பெட்டிகளோடு பின்னால். சாவியைத் திருப்பினேன். லைசென்ஸ் வாங்கியதிலிருந்து சாலையில் நான் தனியாக ஓட்டுவது அதுதான் முதல் தடவை. தனியாக என்றா சொன்னேன்? பின் சீட்டிலிருந்து ஒரு வகுப்பே நடந்தது.

"கியர மாத்து. மாத்து லா! லாரி வருது, லாரி! அம்மாடி, சிக்னல் போடு!"

உட்லண்ட்ஸ் சாலை முழுக்க இப்படி. புக்கிட் தீமாவில் என் காது சிவந்துவிட்டது. நான் ஒரு வளைவில் கொஞ்சம் கடினமாகத் திருப்பினேன். அண்ணன் இருக்கையில் சரிந்து, மறுபடி நிமிர்ந்து, வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நகரத்தைத் தாண்டிக் கடலோர விரைவுச்சாலையில் ஏறியதும் எனக்குப் பயம் விட்டுவிட்டது. இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் காகிதப்பூ, அந்தப் பக்கம் கடலில் வரிசையாகக் கப்பல்கள். இதையெல்லாம் அவர் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் துடித்தேன்!

"அண்ணே, அங்க பாருங்க, கப்பல்" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு கையும் மடியில் மலர்ந்து கிடந்தன. அண்ணன் தூங்கிவிட்டார். ஓடுகிற வண்டியில் என் அண்ணன் கண்ணை மூடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவருடைய வகுப்பு நின்றது. ரகசியம் பேசுகிற மாதிரி, "எழுப்பட்டுமா? ஒண்ணுமே பாக்காம போறாரே மச்சான்" என்றார்.

"தொடாதீங்க" என்றேன்.

விமான நிலையக் கோபுரம் தெரிந்தது. புறப்பாட்டு வாசலுக்குப் போகிற பாதை வந்தது. பயணிகளை இறக்கிவிடுகிற இடத்தில் கார்கள் நின்றன. நான் வேகத்தைக் குறைக்காமல் அந்த வாசலைத் தாண்டிப் போனேன்.

"ஏய், தாண்டிட்ட! இதான் எடம்!" என்று கிசுகிசுத்தார் என் வீட்டுக்காரர்.

"தெரியும்" என்றேன். நேரம் நிறைய இருந்தது. இன்னொரு சுற்றுக்கு வண்டியைத் திருப்பினேன், மெதுவாக.